முருங்கையிலை வறையும் என் இடமாற்றமும்

நாரந்தனையில் எனக்கு ஒரு வீடு, மனைவி, வாசித்து முடிக்காத இரண்டு அலுமாரிப் புத்தகங்கள் எல்லாம் இருக்கின்றன. நான் மட்டும் நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருக்கிறேன். வெள்ளிக்கிழமை படகேறிப் போய்த் திங்கட்கிழமை திரும்பி வருகிறேன். காற்று எழும்பினால் அதுவும் இல்லை. கஷ்டப் பிரதேச சேவைக் காலத்தை எப்போதோ முடித்துவிட்டேன். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஓர் இடமாற்றம், கேட்டது அவ்வளவுதான்.

அதற்கு முதலில் நல்ல பெயர் எடுக்கவேண்டும் என்று யாரோ சொன்னார்கள். கதைகளில் வரும் கைதிகள் சுரங்கம் தோண்டுவார்கள். நான் முருங்கை நட்டேன்.

எங்கள் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக்கு மரக்கறி படகில்தான் வரும். படகு ஓடாத நாளில் சோறும் பருப்பும் மட்டும். ஆகவே பள்ளிக்கூட வளவைச் சுற்றி முருங்கைத் தடிகளை ஊன்றினேன். அடுத்த மழைக்குப் பிறகு இலை தாராளமாகக் கிடைத்தது. விஞ்ஞானப் பாடத்தை மரத்தடிக்குக் கொண்டுபோனேன். பிள்ளைகள் இலையை ஆய்ந்தபடியே கூட்டிலை என்றால் என்னவென்று படித்தார்கள், ஆய்ந்ததைத் தராசில் நிறுத்தார்கள், எல்லாம் செய்தார்கள். சாப்பிட மட்டும் இல்லை. இலையை வதக்கிச் செய்த வறை முழுவதும் சாப்பாட்டுக் கோப்பை ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தது. இரும்புச்சத்தைப் பற்றி நான் ஒரு சொற்பொழிவு ஆற்றிய பிறகு இன்னும் கொஞ்சம் ஒதுங்கியது.

சமைக்கிற அக்கா, மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தாய், குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர், நீங்கள் கதைக்கிறதை நிப்பாட்டுங்கோ. நான் பாக்கிறன்."

மறுநாள் வறையில் தேங்காய்ப்பூவோடு சின்ன இறாலும் கிடந்தது. பிள்ளைகள் சட்டியை வழித்தார்கள். அதன்பிறகு தண்ணீர் ஊற்றுவது, கிளை வெட்டுவது, இலை ஆய முறை வைப்பது எல்லாம் மெல்ல மெல்ல அவர் கைக்குப் போய்விட்டன. எனக்கு மிஞ்சியது மேற்பார்வை. அதாவது, சாப்பிடுவது.

இடமாற்றப் படிவம் வந்தபோது, அதில் பள்ளிக்கூட அதிபரின் பரிந்துரைக்கு ஒரு பெட்டி இருந்தது. அதிபர் படிவத்தை என்னிடமே நீட்டினார்.

"நீரே எழுதும். உம்மட தமிழ் வடிவு. நான் கையெழுத்து வைக்கிறன்."

தன்னைப் பற்றித் தானே எழுதுகிறவனைப் பக்கத்தில் நின்று யாராவது காவல் காக்கவேண்டும். முருங்கையிலை வறைக்கு 'உள்ளூர் உணவுத் திட்டம்' என்று பெயரிட்டுப் புகழ்ந்துகொண்டே போய், "இவரின்றி இத்திட்டம் ஒருநாளும் இயங்காது" என்று முடித்தேன். ஓசை நன்றாக இருந்தது. இரண்டு தரம் வாய்விட்டு வாசித்தேன்.

கல்விப் பணிமனையிலிருந்து பதில் வந்தது. என் வசனத்தை அப்படியே எடுத்துப் போட்டு, ஆகையால் விடுவிக்க முடியாதுள்ளது என்று எழுதியிருந்தார்கள்.

கடிதத்தைக் குசினிக்குக் கொண்டுபோய் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் அகப்பையை வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஒருநாளும் இயங்காதோ? காய்ச்சலெண்டு ஒரு கிழமை வீட்டில நிண்டனீங்கள். பிள்ளையள் பட்டினியோ கிடந்ததுகள்?"

"இல்லை."

"அப்ப அதை எழுதுங்கோவன்."

மேன்முறையீட்டுப் படிவத்தில் அதையே எழுதினேன். "இவர் இல்லாவிட்டாலும், சமைப்பவரின் பொறுப்பில் இத்திட்டம் சிறப்பாக நடைபெறும்." முழு உண்மை. எழுதியதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு 'சிறப்பாக' என்பதை வெட்டிவிட்டு 'ஓரளவு' என்று போட்டேன்.

அதிபர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"ஓரளவு எண்டா உம்மை விடமாட்டாங்கள்."

"ஓம். தெரியும்."

"அப்ப மாத்தும்."

கையெழுத்து வைக்காமல் தாளை என் பக்கம் தள்ளிவிட்டார். அது இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. கடைசித் திகதிக்கு நாள் இருக்கிறது. இன்றைக்கு எப்படியும் அனுப்ப ஏலாது; காலையிலிருந்து காற்று, படகு ஓடவில்லை. பிள்ளைகளுக்கு முருங்கையிலை வறை. எனக்கும் ஒரு கோப்பை வந்தது.