சிவப்பு மையில் ‘மிக நன்று’

பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வித்தியாதரிசி வரப்போகிறார் என்று தலைமையாசிரியர் சொன்ன காலை, நான் பயத்தில் கரும்பலகையை மூன்று தரம் துடைத்தேன். மாங்குளம் ஸ்டேஷனில் இறங்கி, மாட்டுவண்டியில் அரைநாள் காட்டுப்பாதை போனால் வரும், அரசாங்கம் காடு வெட்டிக் காணி கொடுத்த குடியேற்றத் திட்டம் அது. அங்கே தென்னங்கிடுகால் வேய்ந்த ஒரு பள்ளிக்கூடம், அதில் ஐந்தாம் வகுப்பு என்னுடையது. எனக்கு இருபத்திரண்டு வயது, முதல் வேலை.

நான் கொஞ்சம் வாய்க்காரி, கோபக்காரியும்கூட. வந்த புதிதில் பிள்ளைகளிடம் பசுவைப் பற்றி எழுதச் சொன்னேன். முப்பது கொப்பியிலும் ஒரே பசு, ஒரே சொல், ஒரே பிழை. யாரோ எந்தக் காலத்திலோ எழுதியதைப் பாடமாக்கி வைத்திருந்தார்கள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

“இனி ஆரும் பாடமாக்கி எழுதக் கூடாது, சொல்லிப்போட்டன்! வீட்டிலை ஆராவது தங்கட மூளையாலை புதுசா யோசிச்சுச் செய்த ஒண்டை எழுதுங்கோ. கண்ணாலை கண்டதா இருக்க வேணும்.”

பேயைக் கண்டதுபோல் முழித்தார்கள். இரண்டு கிழமை தடவிவிட்டு, பிறகு எழுதினார்கள் பாருங்கள்! ஒருவன் தாயைப் பற்றி எழுதினான். வயலில் பழைய தகரங்களைக் கோத்த கயிற்றின் மறுநுனியை அவள் தொட்டிலோடு கட்டியிருந்தாளாம். பிள்ளையை ஆட்டும்போதே வயலில் தகரம் அடித்துக் கிளியும் கலையுமாம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நல்ல கொப்பிகளைத் தெரிந்தெடுத்து, வித்தியாதரிசிக்குக் காட்ட மேசையில் அடுக்கி வைத்தேன்.

ஜீப் வந்து நின்றது. வித்தியாதரிசியோடு குடியேற்ற அதிகாரியும் இறங்கினார். ஸ்டேஷனிலிருந்து அதிகாரிதான் தன்னுடைய ஜீப்பில் அவரை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். பிள்ளைகள் எழுந்து நின்ற விதத்திலேயே அந்த அதிகாரி யார் என்பது தெரிந்தது. காணிகளுக்குப் பெர்மிற் என்ற அனுமதிப் பத்திரத்தை எழுதிக் கொடுப்பதும் வெட்டுவதும் அவர் கையில் இருந்தது. முந்திய மாதம், தன் தண்ணீர் முறை இல்லாத நாளில் குளத்து வாய்க்காலைத் திறந்த ஒருவரின் காணியைப் பறித்திருந்தார். அந்தக் குடும்பம் கோழிக்கூட்டையும் ஏற்றிக்கொண்டு வண்டியில் போனதை எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வித்தியாதரிசி மேலே இருந்த கொப்பியைத் திறந்து, எழுதியவளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். பத்து வயதுப் பிள்ளை. வாய் திறந்து கதைக்காதவள், அன்று கணீரென்று வாசித்தாள்.

“எங்கள் வயல் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. முறை நாளில் வரும் தண்ணீர் எங்கள் வயலுக்குப் போதாது. அப்பு நன்றாக யோசித்தார். யாழ்ப்பாணத்தில் எங்கள் கிணற்றடியில் கிடந்த பீலியைக் கொண்டுவந்தார். அது தண்ணீர் ஓட உள்ளே குடைந்த பனைமரம். அதை வாய்க்கால் கரைக்குக் கீழே புதைத்து, மேலே புல் வைத்தார். இப்போது எங்கள் வயல் முறை இல்லாத நாளிலும் ஒருவரிடமும் கேட்காமல் குடிக்கிறது.”

தொப்பியால் விசிறிக்கொண்டிருந்த அதிகாரியின் கை நின்றது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ கடவுளே, இதற்கு ‘மிக நன்று’ என்று சிவப்பு மையில் எழுதியவள் நானல்லவா! நானும் யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில் வளர்ந்தவள். எங்கள் பக்கத்தில் சொந்தக் கிணற்றுத் தண்ணீரை எந்தப் பாத்திக்குத் திருப்பினாலும் கேட்க ஆளில்லை. குளத்துத் தண்ணீருக்கு முறை உண்டு, அதை மீறினால் களவு என்பது வாசிக்கும்போது என் புத்தியில் ஏறவேயில்லை. கெட்டித்தனத்தைத்தான் பார்த்தேன்.

“எங்கை பிள்ளை அந்தப் பீலி?” என்றார் அதிகாரி, நல்ல அன்பாக.

“எங்கட வயலடியிலை ஐயா. வாங்கோ, காட்டுறன்.”

“ஐயா, அது பொய்.” நான் குறுக்கே விழுந்து சொன்னேன். “இவள் இப்பிடித்தான். இல்லாததைச் சோடிச்சு எழுதுறவள்.”

“மிக நன்று எண்டு போட்டிருக்கிறீங்கள்?” என்றார் வித்தியாதரிசி.

“கையெழுத்துக்குப் போட்டனான் ஐயா.”

“இல்லை ரீச்சர்!” என்றாள் பிள்ளை. “நான் கண்டனான். நீங்கள்தானே கண்டதை எழுதச் சொன்னனீங்கள்?”

“ஒருக்காப் போய்ப் பாப்பம்” என்று அதிகாரி எழுந்தார். மேசையில் கிடந்த பிரம்பை எடுத்தேன். அதுவரை அந்த வகுப்பில் நான் பிரம்பைத் தொட்டதில்லை. “பொய்யும் சொல்லி, எதிர்த்தும் கதைக்கிறியோ?” என்று கேட்டு, அவள் கையைப் பிடித்து உள்ளங்கையில் அடித்தேன். நாலாவது அடியில்தான், “ஓம், பொய்தான்” என்றாள்.

“விடுங்கோ ரீச்சர், சின்னப் பிள்ளையின்ர கதை” என்று அதிகாரி சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஜீப் போன கையோடு, பீலி புதைத்த அவள் தகப்பனிடம் ஓடினேன். மனிதன் பொழுது படுவதற்குள் பீலியைக் கிளப்பி விறகாகக் கொத்திவிட்டார். காணி தப்பியது. “நல்ல அடி போட்டீங்கள் ரீச்சர், உங்களுக்குப் புண்ணியம்” என்று கும்பிட்டார். எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் அந்தப் பிள்ளையை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சொன்னது பொய்யல்ல, நான் சொன்னதுதான் பொய் என்றேன். வண்டியில் போன குடும்பத்தையும் ஞாபகப்படுத்தினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் மெல்ல மெல்ல வெளிறியது. எனக்கு இருந்த பயம் முழுவதையும் அவள் தலையில் இறக்கி வைத்துவிட்டேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

அடுத்த கிழமை ‘மழை’ என்று தலைப்புக் கொடுத்தேன். மழையைப் பற்றி எழுதினால் யாருக்கு என்ன வரப்போகிறது என்று நினைத்தேன். எல்லாரும் குனிந்து எழுதினார்கள். அவள் கொப்பியில் தலைப்பு மட்டும் இருந்தது.

“ஏன் பிள்ளை எழுதேல்லை?”

அவள் கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“இதை எழுதினா ஆரின்ர காணி போகுமெண்டு எனக்குத் தெரியாது ரீச்சர்.”