நாலாம் நம்பர் கப்ளர்

டம்பர் ஷெட்டில் என் அத்தானுக்குப் பெயர் சந்தேகம். "சந்தேகம் வந்துட்டாரா?", "சந்தேகம் சாப்பிடப் போயிருக்காரு" என்று மெக்கானிக்குகள் கூசாமல் சொல்வார்கள். அவர் காதிலும் விழும். கோபித்துக்கொள்ள மாட்டார். பெயரை முதலில் வைத்தது யார் என்று மட்டும் வருடக்கணக்காக விசாரித்துக்கொண்டிருந்தார்.

கல் குவாரியில் ஓடும் பெரிய டீசல் வண்டிகளுக்கு அவர்தான் எலக்ட்ரீஷியன். நான் அதே குவாரியில் கல் சுமக்கும் டம்பர் லாரிக்கு டிரைவர். அவர் என் அக்காவைக் கட்டிப் பதினொரு வருடம் ஆகிறது. வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நான்காம் முறையும் இழுப்பார். உப்பு போட்டாச்சு என்று அக்கா சொன்னாலும் உள்ளங்கையில் ஒரு சொட்டு குழம்பு விட்டு நக்கிப் பார்த்த பிறகுதான் சாப்பிட உட்காருவார். மின்சாரம் சோதிக்கும் தன் மீட்டரையே அவர் நம்புவதில்லை. எந்த ஒயரைச் சோதிப்பதற்கு முன்பும் மீட்டரின் இரண்டு ஊசிகளையும் ஒன்றோடொன்று தொட வைத்து, மீட்டர் பொய் சொல்கிறதா என்று பார்த்துக்கொள்வார்.

காரணம் இல்லாமல் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டேன் என்று ஒருவர் சொன்னதை நம்பி என்ஜினுக்குள் கைவிட்டார். வேறொருவர் சாவியைத் திருப்பினார். ஃபேன் சுற்றியதில் இடது மோதிர விரலின் நுனி போய்விட்டது. யாராவது அந்த விரலைப் பார்த்தால், "கழட்டிட்டேன்னு சொன்னாங்க" என்பார்.

இவ்வளவு தெரிந்தும் எனக்கு அவர் மேல் எரிச்சல்தான். சந்தேகப்படட்டும், ஊரையே சந்தேகப்படட்டும். என்னையுமா?

விஷயம் இதுதான். என் டம்பரில் ஆறு சிலிண்டர் என்ஜின். ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலைப் பீய்ச்ச ஓர் இன்ஜெக்டர். எப்போது பீய்ச்ச வேண்டும் என்ற உத்தரவு கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்து ஒயர் வழியாக வரும். ஒயரையும் இன்ஜெக்டரையும் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்புக்குக் கப்ளர் என்று பெயர். ஆறு மாதத்துக்கு முன் நாலாம் இன்ஜெக்டர் உண்மையிலேயே செத்துப்போனது. அத்தான் மீட்டர் வைத்துக் கண்டுபிடித்துப் புதியது போட்டார். அதற்குப் பிறகு தொடங்கியது தலைவலி.

லோடு ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது, அதுவும் உச்சி வெயிலில், என்ஜின் திடீரென்று உதறும். இழுவை போய்விடும். சிவப்பு விளக்கு எரியும். ஷெட்டுக்குக் கொண்டுவந்து கம்ப்யூட்டரை மாட்டினால், நாலாம் இன்ஜெக்டருக்கு மின்தொடர்பு அறுந்தது என்று பழைய பதிவு மட்டும் இருக்கும். வண்டியோ ஒன்றுமே நடக்காத மாதிரி சமர்த்தாக ஓடும். அத்தான் இன்ஜெக்டரை மாற்றினார். நான்கு நாளில் மறுபடி வந்தது. நாலாம் இன்ஜெக்டரை இரண்டாம் இடத்திலும் இரண்டாவதை நாலாம் இடத்திலும் மாற்றிப் போட்டார். பிரச்சினை இன்ஜெக்டரோடு போகாமல் நாலாம் இடத்திலேயே நின்றது. சரி, ஒயர்தான் என்று கம்ப்யூட்டர் பெட்டி வரை ஒவ்வோர் அங்குலமாக மீட்டர் வைத்து, ஆட்டி, முறுக்கிப் பார்த்தார். ஒயரிலும் குற்றமில்லை.

ஒயரில் குற்றமில்லை என்றால் மனிதரில்தான் குற்றம். அவருடைய கணக்கு அப்படி.

மேனேஜர் வேறு ஏற்கெனவே எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். வண்டி நிற்பது என் ஷிப்ட்டில் மட்டும். அடுத்த ஷிப்ட்காரர் சமதளப் பாதையில் ஓட்டுகிறவர் என்பதை யாரும் யோசிக்கவில்லை. என் மனைவிக்கு எட்டாம் மாதம். நான் லீவு கேட்டேன், மேனேஜர் இல்லை என்றார். மறுநாளே வண்டி மேட்டில் படுத்துக்கொண்டது. "வண்டி நின்னா யாருக்கு ஓய்வு?" என்று மேனேஜர் ஷெட்டில் எல்லார் முன்னாலும் கேட்டார். வேலை போனால் குவாரிக் குடியிருப்பு வீடும் போகும். எட்டு மாதக் கர்ப்பிணியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அந்த வாரம் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அத்தான் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நேத்து மதியம் பானெட்டைத் திறந்தியா?"

"எதுக்குத் திறக்கணும்? நான் டிரைவர். ஒயரைத் தொட்டா வேலை போயிடும்னு உங்க மேனேஜர்தானே போர்டு எழுதி வச்சிருக்காரு."

"தொட்டியான்னு கேட்டேன். போர்டைப் பத்திக் கேக்கல."

"தொடல."

அக்கா கரண்டியை நங்கென்று வைத்தாள். "சாப்பிட விடுங்க. அவன் என் தம்பி. உங்க ஒயர் இல்ல, சும்மா சும்மா ஊசி வச்சுப் பாக்க."

அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாமல் நாலாம் கப்ளரின் குறுக்கே, இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில், வெள்ளைப் பெயிண்ட்டால் முடி கனத்துக்கு ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். கப்ளரை யாராவது கழற்றினால் கோடு உடையும். அது உடைந்திருந்தது.

மறுநாள் காலை அவரே போய் மேனேஜரிடம் அதைச் சொல்லிவிட்டார். சொந்த மச்சானைப் பற்றி. எனக்குச் செய்தி வந்தபோது உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பத்து மணிக்கு மேனேஜர் அறைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். அங்கே மேஜை மேல் என்னை நீக்கும் கடிதம் தட்டச்சு செய்து தயாராக இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

"கப்ளரைக் கழட்டினியா?"

"இல்ல சார்."

"உன் அத்தானே கழட்டியிருக்குன்னு சொல்றாரே?"

பேனாவின் மூடி திறந்தது. அப்போது அத்தான் உள்ளே வந்தார். அனுமதி கேட்கவில்லை. முகம் வெளிறியிருந்தது. முழங்கை வரை கிரீஸ்.

"சார், கையெழுத்துப் போடாதீங்க. தப்பு என்னோடது."

மேனேஜர் சிரித்தார். "காலைல மச்சான்மேல புகார் சொன்னீங்க. இப்போ வீட்டுக்காரம்மா போன் பண்ணிட்டாங்களா?"

"இல்ல சார். உண்மையச் சொல்றேன்."

"இப்போ சொல்றது உண்மைன்னா காலைல சொன்னது என்ன? எதை நம்பறது நான்?"

அத்தான் தடுமாறியதை அன்றுதான் பார்த்தேன். பதினொரு வருடமாக ஊரையெல்லாம் கேட்ட கேள்வி அவர் முன்னால் வந்து நின்றது. பாவமாக இருந்தது. அவருக்கு நன்றாக வேண்டும் என்றும் இருந்தது.

"என்னை நம்ப வேண்டாம் சார். நீங்களே உங்க கையால பாருங்க."

மேனேஜரை ஷெட்டுக்கு அழைத்துப் போனார். நானும் பின்னால் போனேன். வண்டியின் ஆறு கப்ளர்களும் கழன்று தொங்கிக்கொண்டிருந்தன. புகார் சொல்லிவிட்டு வந்தவருக்குத் தன் புகாரின் மேலேயே சந்தேகம் வந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார். கப்ளரின் ஒயர்ப் பக்கத்தில் சின்னத் துளைகள் இருக்கும். துளைக்குள் உலோகப் பிடி. இன்ஜெக்டர் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பின் என்ற உலோகக் குச்சி அதில் போய் இறுக உட்கார வேண்டும். அத்தான் தனியாக ஒரு புதுப் பின்னை எடுத்து மேனேஜர் கையில் கொடுத்தார்.

"ஒவ்வொண்ணுலயும் சொருகிட்டுக் கையை எடுங்க."

மேனேஜர் ஒன்றாம் நம்பரில் சொருகினார். பின் நின்றது. இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு, எல்லாவற்றிலும் நின்றது. நாலாம் நம்பரில் சொருகிக் கையை எடுத்தார். பின் நழுவிக் கீழே விழுந்து தரையில் உருண்டது.

"பிடி அகண்டுபோச்சு சார். குளிர்ந்திருந்தா தொட்டுக்கிட்டிருக்கும். சூடாகி மேட்டுல குலுங்கினா விட்டுடும்."

"அதை இவன் அகட்டியிருக்கலாமே?"

அத்தான் அலமாரியிலிருந்து புது கப்ளர் ஒன்றை எடுத்தார். பின்னைச் சொருகித் தலைகீழாகப் பிடித்தார். நின்றது. பின்னை உருவிவிட்டுத் தன் மீட்டரின் தடித்த ஊசியை அதே துளையில் வைத்து அழுத்தினார். ஒரே ஒரு முறை. மறுபடி பின்னைச் சொருகிக் கவிழ்த்தார். விழுந்துவிட்டது.

"ஆறு மாசம் முன்னாடி நாலாம் நம்பர்ல இப்படித்தான் ஊசியை விட்டுப் பாத்தேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு புகாருக்கும் பாத்தேன். பாக்கப் பாக்க அகண்டுச்சு. ஒயரைச் சந்தேகப்பட்டேன், இன்ஜெக்டரைச் சந்தேகப்பட்டேன், இவனைச் சந்தேகப்பட்டேன். என் கையை மட்டும் விட்டுட்டேன்."

மெக்கானிக் ஒருவர் தன் மீட்டரை எடுத்து அதன் ஊசியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மேனேஜர் என்னைப் பார்க்காமலே, "போய் வண்டியைப் பாரு" என்றார். அத்தானிடம், "இனிமே நீங்க பாக்குற வேலையை இன்னொருத்தர் மறுபடி பாத்துக் கையெழுத்துப் போடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கடிதம் என்ன ஆனதோ, அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

எல்லாரும் கலைந்த பிறகு அத்தான் பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து புதுப் பிடியை ஒயரில் வைத்து இடுக்கியால் நசுக்கிப் பொருத்திக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். நன்றி சொல்வதா, சட்டையைப் பிடிப்பதா என்று எனக்கே தெரியவில்லை.

தலையைத் தூக்காமல் கேட்டார். "கோடு உடைஞ்சிருந்துச்சே, மச்சான்?"

இதற்கு மேல் மறைத்து என்ன ஆகப்போகிறது?

"நான்தான். மூணு தடவை. மேட்டுல நின்னப்ப கழட்டி மறுபடி அழுத்தினேன். அழுத்தினதும் ஓடிச்சு."

அவர் கை நின்றது.

"அழுத்தினதும் ஓடிச்சா? முதல் தடவையே சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருப்பேனே. உனக்கும் இந்த அவமானம் இல்ல, எனக்கும் இல்ல."

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா, அத்தான்?"

வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் ஆமாம் என்று சொல்லியிருப்பார்கள். அவர் நசுக்கிய ஒயரை இழுத்துப் பார்த்தார். இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்.

"மாட்டேன்."