முப்பத்து மூன்று எழுத்துப் பெயர்

முட்டை அட்டையின் குழிகளில் ஸ்க்ரூக்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தது பெல்ட்காரரின் இடது கை. நீளமானது ஒரு குழி, குட்டையானது ஒரு குழி, துருப்பிடித்தது தரைக்கு. பக்கவாதம் வந்தவர்களுக்கு வழக்கமாகக் காசையும் பட்டாணியையும் கொடுத்துத்தான் பிரிக்கச் சொல்வோம். அவர் இரண்டையும் கவிழ்த்துவிட்டார். ஸ்க்ரூ டப்பாவைக் கொண்டுவந்து வைத்ததும் கை தானாக வேலையைத் தொடங்கியது. வலது கை மடியில் தலையணைமேல் கிடந்தது.

அவரைப் பார்த்துக்கொள்ள ஆறு வாரத்துக்கு வந்திருந்தேன். குளிப்பாட்டுவது, உடம்பைப் புரட்டிவிடுவது, புரை ஏறாமலிருக்கத் தண்ணீரைக் கூழ்போல் கெட்டியாக்கிக் கரண்டியில் கொடுப்பது, பயிற்சி கொடுப்பது என் வேலை.

அவர் வாஷிங்மெஷின் மெக்கானிக். ஒரு கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் தொழில் கற்று, அங்கேயே சண்டை போட்டு வெளியே வந்தவர். பெல்ட் மாற்றினால் ஓடக்கூடிய மெஷினுக்கு மோட்டாரையே மாற்றச் சொன்னார்களாம். அதன் பிறகு இருபத்திரண்டு வருடம் தனியாகத்தான் ஓட்டினார். தோளில் ரப்பர் பெல்ட்டுகளை மாலைபோல் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் போவார். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் மெஷினின் சத்தத்தைக் கேட்டு முதலில் சொல்வது, "பெல்ட்தான்." பத்துக்கு எட்டு முறை அதுவாகவே இருக்கும். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

வீட்டின் பின்னறை முழுக்கச் செருப்புக் கடைப் பெட்டிகள். கம்பெனிகளே மறந்துபோன மாடல்களின் கைப்பிடிகள், குழாய்கள், போர்டுகள் எல்லாம் அவற்றில் இருந்தன. எந்தப் பெட்டியில் எது என்பது அவருடைய தலைக்குள் மட்டும் இருந்தது.

இப்போது அந்தத் தலையிலிருந்து வெளியே வருவது ஒரே ஒரு சொல். "ஆமா." பசிக்கிறதா என்றாலும் ஆமா, பசிக்கவில்லையா என்றாலும் ஆமா. கேட்பது அவருக்குப் புரிகிறது. பதில் மட்டும் வாய்க்கு வரும்போது தடம் மாறிவிடுகிறது. இந்த நோயில் இது சகஜம். வந்த முதல் நாளே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்: 'ஆமா என்றால் நம்ப வேண்டாம். இரண்டு விதமாகக் கேட்கவும். இடது கையைப் பார்க்கவும்.'

அதற்குள்ளாகவே சேதம் நடந்து முடிந்திருந்தது. மருத்துவமனையிலிருந்து வந்த வாரத்தில் அவர் கைப்பேசியை எடுத்துப் பேசியிருக்கிறார்.

"நாளைக்கு வருவீங்களா?"

"ஆமா."

"காலையிலயே வந்துடுவீங்களா?"

"ஆமா."

இப்படிப் பதினோரு வீடுகள். பதினோரு பேரும் அழுக்குத்துணியைக் குவித்து வைத்துக்கொண்டு காத்திருந்து, பிறகு அவர் மனைவியைக் கூப்பிட்டுத் திட்டினார்கள். அந்த அம்மா கைப்பேசியை அணைத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். வெப்சைட் வேண்டும் என்ற பேச்சு அங்கேதான் ஆரம்பித்தது. இனி அவர் வீடுகளுக்கு வர முடியாது, ஆனால் உதிரிப் பாகங்கள் இங்கே கிடைக்கும் என்று ஊருக்குச் சொல்ல வேண்டும். பெட்டிகள் விற்றால்தான் வீடு ஓடும்.

அவளுடைய தம்பி வந்தான். நாற்பது வயது, இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், மடிக்கணினியை வைத்த பையைக் கழற்றாமலே பேசுகிற ஆள்.

"அக்கா, ரெண்டு விஷயம்தான். டொமைன்ங்கிறது பேரு. ஹோஸ்டிங்ங்கிறது நம்ம பக்கத்தை வைக்கிற இடம். பேருக்கு வருஷா வருஷம் கட்டணும், இடத்துக்கும் கட்டணும்."

"கட்டலன்னா?"

"பேரை வேற யாராவது எடுத்துக்குவான்."

"பெத்த பிள்ளைக்குப் பேர் வச்சாக்கூட வருஷா வருஷம் கேக்க மாட்டாங்களேடா."

திரையில் மூன்று திட்டங்கள் வரிசையாக இருந்தன. நடுவில் இருந்ததற்கு மட்டும் பெரிய சிவப்புப் பட்டை. மேலே ஒரு கடிகாரம் பதினைந்து நிமிடத்திலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அது முடிவதற்குள் வாங்கினால் பாதி விலை, பெயர் இலவசம், ஆனால் மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும்.

"இந்த நடுவுல இருக்குறதுதான் எல்லாரும் எடுக்குறாங்க. இதுல நூறு வெப்சைட் வரைக்கும் வச்சுக்கலாம்."

"நம்மகிட்ட ஒண்ணே இல்லையேடா. மிச்சம் தொண்ணூத்தொம்பதை வாடகைக்கா விடப்போறோம்?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

"தெரியாதுன்னுதானே உன்னைக் கூப்பிட்டேன்."

பெயருக்கு வந்தார்கள். பெல்ட்காரரின் மச்சானான அந்தத் தம்பி முந்தைய நாளே யோசித்து வைத்திருந்தான். பெஸ்ட் ஹோம் அப்ளையன்சஸ் ஸ்பேர்ஸ் சொல்யூஷன்ஸ் டாட் காம். ஆங்கிலத்தில், டாட் காம் நீங்கலாக, முப்பத்து மூன்று எழுத்து. பிறகு நான் எண்ணிப் பார்த்தேன்.

"பேரே மூச்சு வாங்குது," என்றாள் அக்கா. "பெல்ட்காரர்னு வச்சா என்ன?"

"இடுப்பு பெல்ட் விக்கிறோம்னு நினைப்பான். கம்பெனி மாதிரி இருக்கணும்க்கா. மாமா, நீங்களே சொல்லுங்க. பேரு நல்லா இருக்கா?"

"ஆமா," என்றார் அவர்.

"பாத்தியா?"

நான் அழுக்கு விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். "திருப்பிக் கேளுங்க தம்பி," என்றேன்.

"என்னன்னு?"

"இந்தப் பேரு வேண்டாமான்னு."

"இந்தப் பேரு வேண்டாமா மாமா?"

"ஆமா."

மச்சான் சிரித்தான். "என்ன சிஸ்டரம்மா, ரெண்டுக்கும் ஆமாங்கிறாரு."

"அப்போ இன்னும் அவரு எதுவும் சொல்லலைன்னு அர்த்தம். கொஞ்சம் பொறுங்க. சீட்டுல எழுதி, ஒவ்வொண்ணா காட்டிக் கேப்போம்."

"நாலு நிமிஷம்தான் இருக்கு. நீங்க சீட்டு எழுதி முடிக்கிறதுக்குள்ள ஆஃபர் போயிடும்."

அந்த நேரத்தில் பெல்ட்காரர் மேசையோரத்தில் இருந்த ஸ்டிக்கர் சுருளை இழுத்தார். பழுது பார்த்த ஒவ்வொரு மெஷினின் பின்னாலும் அவர் ஒட்டுகிற ஸ்டிக்கர் அது. கட்டைவிரல் அகலம், அதில் அவருடைய ஃபோன் எண், வேறு ஒன்றும் இல்லை. பல்லாலும் கையாலும் ஒன்றைப் பிரித்து மடிக்கணினியின் திரைக்குக் கீழே ஒட்டினார். வளைந்துதான் ஒட்டியது. மேலே விரலை வைத்து அழுத்தினார்.

"என்ன மாமா, சின்னப் பிள்ளை மாதிரி," என்று மச்சான் நகத்தால் சுரண்டி எடுத்துக் கசக்கிப் போட்டான்.

இடது கையைப் பார்க்கவும் என்று சுவரில் எழுதி ஒட்டியவள் நான். அந்தக் கை என் கண்ணெதிரே பேசியது. விரல்களுக்கு நல்ல பயிற்சி என்று நினைத்துக்கொண்டு விரிப்பின் நுனியைச் செருகினேன். இதில் என் தப்பும் உண்டு.

மச்சான் தன் கார்டில் பணம் கட்டினான். பெயரும் கணக்கும் அவனுடைய மின்னஞ்சலில் பதிந்தன. பெல்ட்காரர் முட்டை அட்டையைத் தட்டிவிட்டார். மூன்று மணி நேர வேலை தரையில் உருண்டது.

"சந்தோஷத்துல கை பட்டுடுச்சு," என்றான் மச்சான்.

கிளம்பும் முன் இன்னொன்றைக் காட்டுவதற்காக அந்தப் பக்கத்தைத் திரும்பத் திறந்தான். கடிகாரம் மறுபடி பதினைந்து நிமிடத்திலிருந்து இறங்கத் தொடங்கியது. அவன் மூடிவிட்டான்.

அவன் பஸ் ஏறிய பிறகு நானும் அந்த அம்மாவும் முட்டி போட்டு ஸ்க்ரூக்களைப் பொறுக்கினோம். கசங்கிய ஸ்டிக்கர் அவள் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. அவள் அதைப் பிரித்துப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"சிஸ்டர், இவரு இதையா சொன்னாரு?"

சீட்டு எழுதினேன். ஒன்றில் நீளப் பெயர், ஒன்றில் பெல்ட்காரர், ஒன்றில் ஃபோன் எண். இடது கை எண்ணைத் தொட்டது. சீட்டுகளை மாற்றி வைத்தேன், மறுபடியும் எண். எது வேண்டாம் என்று கேட்டேன். நீளப் பெயரைத் தள்ளிக் கீழே போட்டார்.

"நம்பரையா பேரா வைப்பாங்க?" என்றாள் அவள்.

அவர் எழுந்திருக்க முயன்றார். அவர் இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு பின்னறைக்கு நடத்திப் போனோம். பதினாறு அடி தூரம், ஒன்பது நிமிடம். அங்கே சோதனைக்கு வைத்திருந்த மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே கையை விட்டார். ஒரு கை நுழையும் சந்து. அவள் தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்தாள். தெரிந்தது ஸ்டிக்கரும் அதிலிருந்த எண்ணும் மட்டும்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருடமாக எத்தனையோ வீடுகளில் அந்த எண் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது. மெஷின் நின்றால் ஜனங்கள் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். பார்த்ததை அப்படியே அடித்தால் வெப்சைட் வர வேண்டும். முப்பத்து மூன்று எழுத்தை எந்த ஸ்டிக்கரில் அடக்குவது?

தம்பியை ஃபோனில் கூப்பிட்டாள்.

"பேரை மாத்தணும்டா."

"வாங்கினா வாங்கினதுதான்க்கா. எழுத்தைக்கூட மாத்த முடியாது. ரூல் அப்படி."

"அப்போ இன்னொண்ணு வாங்கிக் குடு. வெறும் நம்பர்."

"நம்பர்ல கடை வச்சா சிரிப்பாங்க. மாமாவே ஆமான்னாரு, நீயும் பக்கத்துலதானே இருந்த? அடுத்த மாசம் வரும்போது பாப்போம்."

"அடுத்த மாசமா? நாளைக்கு அரிசி வாங்கணும்டா எனக்கு."

பஸ்ஸில் சத்தம் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டான். கணக்கு அவனிடம், கடவுச்சொல் அவனிடம். அவளிடம் கார்டு கிடையாது. எனக்குத் தெரிந்தது ஆளைப் புரட்டிப் படுக்க வைப்பது. அவன் அனுப்பியிருந்த முகவரியை அவளுடைய ஃபோனில் அடித்துப் பார்த்தோம். இரண்டு தடவை தப்பாக அடித்து மூன்றாவது தடவை வந்தது. வெள்ளைப் பக்கத்தில் 'விரைவில்' என்று மட்டும் இருந்தது. அவரிடம் காட்டினோம்.

"ஆமா," என்றார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு.

மறுநாள் காலை அவருக்கு முகம் துடைத்து, நாற்காலியில் உட்கார வைத்து, கஞ்சி கொடுத்தேன். அந்த அம்மா ஒரு ஸ்டிக்கரை எடுத்து எண்ணுக்குக் கீழே பேனாவால் நீளப் பெயரை எழுதிப் பார்த்தாள். அப்ளையன்சஸ் முடிவதற்குள் இடம் தீர்ந்துவிட்டது. பேனாவை மூடி வைத்தாள். பீரோவைத் திறந்து அவருடைய கைப்பேசியை எடுத்து சார்ஜில் போட்டாள். அரை மணி நேரம் கழித்து ஆன் செய்ததும் அது அடிக்கத் தொடங்கியது.

"பெல்ட்காரர் வீடா? மெஷின் சுத்தவே மாட்டேங்குது. இன்னைக்கு வருவாரா?"

ஸ்பீக்கரில் கேட்டதால், "ஆமா," என்றார் அவர் நாற்காலியிலிருந்து.

"அப்பாடா! எத்தனை மணிக்கு?"

"ஒரு நிமிஷம் இருங்க," என்றாள் மனைவி. ஃபோனை இறக்கி வைத்துவிட்டு அவர் வாயைப் பார்க்காமல் கையைப் பார்த்தாள். கை பெட்டிகள் பக்கம் நீண்டது. அவள் பின்னறையிலிருந்து பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து காட்டினாள். ஐந்தாவது பெட்டியில் கை நின்றது. உள்ளே ரப்பர் பெல்ட்டுகள். ஃபோனை எடுத்தபோது மறுமுனையில் ஆள் வைத்துவிட்டிருந்தார்.

அவளே திரும்பக் கூப்பிட்டாள். "அவரு வரமாட்டாருங்க. உடம்பு முடியலை. பெல்ட் இருக்கு. நீங்களே வந்து வாங்கிட்டுப் போகணும்."

"பெல்ட்தான்னு எப்படித் தெரியும்?"

அவள் கணவரைப் பார்த்தாள்.

"தெரியலை," என்றாள். "அவரு அந்தப் பெட்டியைத்தான் தொட்டாரு."

வருவதாகவோ வரமாட்டேன் என்றோ அந்த ஆள் சொல்லவில்லை. அவள் பெட்டியின் மேல் 'பெல்ட்' என்று பெரிதாக எழுதி மேசையில் வைத்தாள். நான் அவருடைய வலது கையைத் தலையணையிலிருந்து எடுத்து மடக்கி நீட்டும் பயிற்சியைத் தொடங்கினேன்.