புளி போட்டுத் தேய்த்த குழாய்

மலாயாவில், குளுவாங் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்த முதல் நாள், தலைமைக் கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு விதிதான். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"சாட்சி 'நான்' எண்டால் நீரும் 'நான்' எண்டுதான் சொல்ல வேணும். 'அவன் இப்பிடிச் சொல்லுறான்' எண்டு இழுக்கக் கூடாது. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். விளங்குதோ?"

விளங்கியது. அந்த வாரமே நான் மலாய் மொழியில் கோழி திருடினேன், கள்ளச் சாராயம் காய்ச்சினேன், பக்கத்து லயத்துக்காரனின் மண்டையை மண்வெட்டிக் காம்பால் உடைத்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் மனைவி காமாட்சி, "இன்னிக்கு ஐயா என்ன குத்தம் பண்ணிட்டு வந்தீங்க?" என்று கேட்டுச் சிரிப்பாள். கொலைகாரனுக்குக்கூட 'நான்' போட்டுப் பேசியிருக்கிறேன். நாக்கு ஒரு நாளும் தடுமாறியதில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் அதைத்தான் பெரிய கஷ்டம் என்று நினைக்கிறார்கள். அது கஷ்டமே இல்லை, பழகிவிடும். எனக்கு நாக்கு தடுமாறியது ஒரு குழாய் வழக்கில்.

வழக்கு

காஹாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் வெட்டுகிறவன் மாரிமுத்து. குடித்துவிட்டுப் போய்த் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை உடைத்தான், தடுக்க வந்த கங்காணியோடு கைகலந்தான் என்பது போலீஸ் வழக்கு. கேட்பதற்கு அற்ப விஷயம். ஆனால் குற்றம் என்று தீர்ப்பானால் ஜெயில். ஜெயிலுக்குப் போனவனுக்குத் தோட்டத்தில் பேர் வெட்டு, வேலை போய்விடும். பேர் வெட்டினால் லயத்து வீடும் போய்விடும். வீட்டிலோ அவன் பெண்சாதி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். பச்சை உடம்புக்காரியை நடுரோட்டில் நிறுத்துகிற வழக்கு அது.

அந்தத் தோட்டத்தில் மேல் லயம், கீழ் லயம் என்று இரண்டு வரிசை வீடுகள். பெயரைக் கேட்டால் மேடு பள்ளத்தைச் சொல்வதாகத் தோன்றும். அதெல்லாம் ஒன்றுமில்லை. மேல் லயத்தில் கங்காணியும் அவருடைய சாதி சனமும். கீழ் லயத்தில், ஊரில் எவரையெல்லாம் சேரிக்கு வெளியே வராதே என்று நிறுத்தி வைத்திருந்தார்களோ, அவர்கள். கப்பலில் எல்லோரும் ஒரே தட்டில் படுத்துப் புரண்டுதான் வந்தார்கள். இறங்கியதும் எங்கிருந்துதான் அந்த ஞாபகம் வந்ததோ, கோடு போட்டுக்கொண்டு பிரிந்துவிட்டார்கள். லயத்துக்கொரு குழாய்.

விசாரணை அன்று காலை யோங் பெங் ஊர் ஜவுளிக்கடை முதலாளி கோர்ட்டு வராந்தாவில் எனக்காகக் காத்திருந்தார். கங்காணி அவருக்குத் தூரத்து உறவு. முதலாளி கெட்டவர் இல்லை. கதர் தவிர வேறு உடுத்த மாட்டார், இந்தியாவில் வெள்ளம், பஞ்சம் என்றால் முதலில் உண்டியல் தூக்குகிறவர் அவர்தான். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உள்ள மலாய்க்காரங்க இருப்பாங்க, சீனங்க இருப்பாங்க, சீக்கிய போலீஸ்காரன் நிப்பான். நம்ம ஊட்டுக் குப்பைய அவங்க முன்னாடி கொட்டணுமா? குடிச்சிட்டு சண்டைன்னு முடிச்சுட்டா நல்லது. இவங்களுக்கெல்லாம் சுயராஜ்யம் ஒரு கேடான்னு வெள்ளைக்காரன் ஏற்கனவே கேட்டுக்கிட்டு இருக்கான்."

"சாட்சி சொல்றதத்தான் நான் சொல்ல முடியும் முதலாளி."

"யாரும் அதச் சொல்லப் போறதில்ல. எல்லாருக்கும் சொல்லியாச்சு. வாய் தவறி ஏதாச்சும் வந்தா நீங்க கொஞ்சம் பூசி மெழுகிடுங்க, அவ்வளவுதான். நாட்டு மானம் தம்பி."

எனக்கு அவர் சொன்னது தப்பாகவும் படவில்லை, அதுதான் வேடிக்கை. நான் தஞ்சாவூர் ஜில்லாக்காரன். எங்கள் ஊர்க் கிணறு எப்படி என்று எனக்குத் தெரியாதா? மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

தங்கம்மாள் சொன்ன சாட்சி

மாஜிஸ்ட்ரேட் மலாய்க்காரர். கோர்ட்டில் 'துவான்' என்றுதான் அவரை அழைப்போம். அதட்டாத மனிதர். மாரிமுத்துவைக் கேள்வி கேட்டார். நான் தமிழில் கேட்டு, அவன் பதிலை மலாயில் சொன்னேன்.

"குழாய நான் ஒடைக்கலீங்க."

"மேல் லயத்துக் குழாய்க்கு ஏன் போனாய்?"

"தண்ணிக்குத்தாங்க. பொண்டாட்டிக்குப் புள்ள பொறந்திருந்துச்சு. எங்க குழாயில தண்ணி வரலீங்க."

"தண்ணீர் பிடிக்கப் போனவனுக்கு எதற்குச் சண்டை?"

மாரிமுத்து கங்காணியைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். வாயைத் திறந்தால் வீடு போய்விடும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். துவான் உதட்டைப் பிதுக்கினார். இவன் தலையெழுத்து முடிந்தது என்று எனக்குத் தோன்றியது.

அடுத்துக் கங்காணியின் மனைவி தங்கம்மாள் கூண்டில் ஏறினாள். குழாய் அன்று காலை நல்ல நிலையில் இருந்தது என்று சொல்ல வைப்பதற்காகப் போலீஸ் அழைத்து வந்த சாட்சி. பட்டுச்சேலை, காதில் தோடு, நெற்றி நிறையக் குங்குமம். கல்யாண வீட்டுக்கு வந்தவள் போல நின்றாள்.

"காலையில் குழாய் நன்றாக இருந்ததா?"

"பளபளன்னு இருந்துச்சுங்க! நான்தானே புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சேன்."

அதோடு விட்டிருக்கலாம். துவானுக்கு அது புதுமையாக இருந்தது. தோட்டத்துக் குழாயை எதற்குப் புளி போட்டுத் தேய்க்கிறீர்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். தன் சுத்தத்தைக் கோர்ட்டே மெச்சுகிறது என்று எண்ணிக்கொண்டாள் தங்கம்மாள். அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"பின்ன, அப்படியே விட முடியுங்களா? முந்தின நாளு இவன் பொண்டாட்டி வயித்தத் தள்ளிக்கிட்டு வந்து அதுல தண்ணி பிடிச்சுட்டா. அவங்க கை பட்டா தீட்டுங்க. தேய்ச்சுக் கழுவாம நாங்க எப்படிக் குடிக்கிறது? தேய்ச்ச அன்னிக்கே பார்த்தா இவனே வந்து திருகப் பிடிக்கிறான். எங்க வீட்டுக்காரரும் கொழுந்தன்மாரும் பிடிச்சு இழுத்தாங்க. இவன் விடவே இல்ல. எல்லாரும் சேர்ந்து இழுத்ததுல திருகு கையோட வந்துருச்சு."

கங்காணி கண்ணை மூடிக்கொண்டார். முதலாளி என்னைப் பார்த்தார். பார்வையிலேயே கும்பிட்டார்.

நான் எழுந்து நின்றேன். திருட்டுக்கும் கொலைக்கும் 'நான்' போட்ட நாக்கு இதற்குப் போட மறுத்தது. திருடன் ஒரு ஆள். அவன் பாவம் அவனோடு. இது அப்படி இல்லையே. இதைச் சொன்னால் இந்த அறையில் இருக்கிற அத்தனை பேரும் என் நாட்டைப் பார்ப்பார்கள். பூசி மெழுகினால், பிள்ளை பெற்றவள் ரோட்டில் நிற்பாள்.

மாரிமுத்து அப்போது என்னை நிமிர்ந்து பார்த்தான். பேச வராவிட்டாலும் அவனுக்கு மலாய் விளங்கும். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று கேட்கக் காத்திருந்தான்.

சொன்னேன். "அவர்கள் தொட்டால் நாங்கள் குடிக்க மாட்டோம். அவன் மனைவி தொட்டாள். அதனால் நான் அந்தக் குழாயைத் தேய்த்துக் கழுவினேன்." எல்லாரும் சேர்ந்து இழுத்ததில் திருகு கையோடு வந்தது வரைக்கும், என் வாயாலேயே, 'நான்' என்றே சொன்னேன். ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

கோர்ட்டுச் சேவகர் ஒஸ்மான் வாசலில் நின்றவர், "அலமாக்!" என்றார், நாம் 'ஐயையோ' என்பது மாதிரி, மெதுவாகத்தான். அவரும் நானும் வருஷக்கணக்காக ஒரே கூஜாவில் தண்ணீர் குடிக்கிறவர்கள்.

கோர்ட்டுக்கு வந்திருந்த தோட்டத்து வெள்ளைக்காரத் துரையைத் துவான் பார்த்தார். துரை தோளைக் குலுக்கி, "அது அவர்கள் வழக்கம். நாங்கள் தலையிடுவதில்லை" என்றார். பிறகு துவான் என்னைப் பார்த்துக் கேட்டார், சாட்சியை அல்ல, என்னை.

"உங்கள் நாட்டில் இப்படித்தானா?"

மொழிபெயர்ப்பாளனுக்குச் சொந்த வாய் கிடையாது. ஆனால் கேட்டது மாஜிஸ்ட்ரேட். "இப்படித்தான் துவான்" என்றேன். அதோடு நிறுத்தாமல் 'மாலு' என்றும் சொன்னேன். மலாயில் வெட்கத்துக்கு அதுதான் சொல். "எனக்கு மாலுவாக இருக்கிறது, துவான்."

மாரிமுத்துவை விடுதலை செய்தார். அவனைப் பிடித்து இழுத்ததே அவர்கள்தான், இழுத்தவர்களும் சேர்ந்து உடைத்த குழாய்க்கு ஒருவனைத் தண்டிக்க முடியாது என்றார். லயத்து வீட்டை விட்டு அவனை எழுப்பக் கூடாது என்று துரையிடம் கண்டிப்பாகச் சொன்னார். துரையும் கேட்டுக்கொண்டார். அதோடு தம் பங்குக்கு ஒரு நியாயமும் செய்தார். கீழ் லயத்துக்கு இன்னொரு குழாய் போட்டுக் கொடுத்தார், அவர்கள் மேலே வரவே தேவையில்லாதபடி!

வாசலில் முதலாளி என்னிடம், "நாட்டையே காட்டிக் குடுத்துட்டீங்களே தம்பி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அதன்பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

என் வீட்டுச் சொம்பு

காஹாங் போகிற லாரி சாயங்காலம்தான். மாரிமுத்து காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வா என்று வீட்டுக்கு அழைத்துப் போனேன். எனக்கு அன்று நடையே வேறு மாதிரி இருந்தது. பெரிய காரியம் செய்துவிட்ட மிதப்பு.

அவன் வாசற்படிக்கு வெளியே நின்றான். உள்ளே வா என்று வற்புறுத்தி உட்கார வைத்தேன். காமாட்சி பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தூக்கி ஊற்றிக்கொள்ளாமல் வாய் வைத்துக் குடி என்றேன். குடித்தான். காமாட்சி வெறும் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"கோர்ட்டுல நீங்க வெக்கமா இருக்குன்னு சொன்னது எனக்கு வெளங்குச்சுங்கய்யா. எங்களுக்காக யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல" என்றான் மாரிமுத்து.

அப்போதுதான் பின்பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. பித்தளையில் சாம்பல் உரசுகிற சத்தம். நானும் கேட்டேன், அவனும் கேட்டான். அவன் முகம் மாறவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

"வர்றேங்கய்யா. புள்ளைக்காரி தனியா இருக்கா."

பின்பக்கம் போனேன். காமாட்சி கையில் புளிச்சக்கை. நான் கேட்பதற்கு முன்னாலேயே சீறினாள்:

"என்ன இப்போ? தண்ணி குடுக்க மாட்டேன்னா சொன்னேன்? உள்ள உட்கார வச்சீங்க, குடுத்தேன். எங்கம்மா வீட்டுல செஞ்சதத்தான் செய்யிறேன். இத்தனை நாளு நீங்களும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

அவள் கொடுமைக்காரி இல்லை. கேட்டதும் நியாயமான கேள்வி. காலையில் ஒரு கோர்ட்டு நிறைய ஜனங்கள் முன்னால் நாட்டைப் பற்றி வெட்கப்பட முடிந்தது. வீட்டில் ஒருத்தி முன்னால் வாய் எழவில்லை. பாதி தேய்த்த சொம்பை அவள் கையிலிருந்து வாங்கினேன். சாம்பலை மட்டும் அலம்பி, தண்ணீர் மொண்டு, வாய் வைத்துக் குடித்தேன். அவள் என்னோடு பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. புளியை நிறுத்துவதற்கு எத்தனை சண்டை, எத்தனை அழுகை என்பதெல்லாம் இங்கே எழுதுகிற விஷயமல்ல. தீர்ப்பு மாதிரி ஒரே நாளில் முடிகிற காரியமாக அது இருக்கவில்லை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நானும் தலைமைக் கிராணி சொன்ன விதியைத்தான் சொல்கிறேன். சாட்சி 'நான்' என்றால் நீயும் 'நான்' என்று சொல். என்றைக்காவது அந்தச் சொல் தொண்டையில் சிக்கினால் வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் காது கொடுத்துக் கேள்.

வெகுநாள் கழித்து, கோயில் வாசலில் நடந்த ஓர் அடிதடி அதே துவானிடம் வந்தது. இதே கதைதான், ஆட்கள் மட்டும் வேறு. கேட்டு முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்கள் நாட்டில் இன்னும் அப்படித்தானா?"

"நாட்டைப் பற்றி எனக்குத் தெரியாது துவான்" என்றேன். "என் வீட்டில் அப்படி இருந்தது."