கை நடுங்காத திருவிழா

மலேசியாவில் புலாவ் செபாங் தோட்டத்து மாரியம்மன் மூன்று வருடமாக நிவேந்திரன் மேல்தான் இறங்கிக்கொண்டிருந்தாள். அவனைத் தவிர எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

ஆறடியைத் தாண்டிய உயரம், சிறு வயதிலிருந்தே நடுங்கும் கைகள், கேட்ட கேள்விக்கு நிதானமாக வரும் பதில். இதை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் அவன் வாங்காத பெயர் இல்லை. அம்மா ராமாத்தாளே அவனை மக்கு என்றுதான் கூப்பிட்டாள். பாசம் வந்தாலும் மக்குதான். வேலை பார்த்த கார் கழுவும் கடையில் மட்டும் உயரத்துக்கு ஒரு மதிப்பிருந்தது. வேன் கூரையைக் கழுவ அவனுக்கு ஏணி வேண்டாம்.

ஒரு திருவிழாவில் உருமி மேளம் சூடு பிடித்த நேரம், யாரோ விபூதித் தட்டைக் கொஞ்சம் பிடி என்று அவன் கையில் கொடுத்தார்கள். தட்டு கிடுகிடுவென்று ஆடியது. கோயில் தலைவர் வீரப்பன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பழைய லாரி ஒன்றை வாங்கலாமா என்று அவர் கேட்க, இவன் வழக்கம்போல், "பொறுங்க, யோசிக்கணும்" என்றான். வீரப்பன் பொறுத்தார். அதை வாங்கிய வேறொருவர் பக்கத்து ஊரான தம்பினுக்குப் போய்ச் சேர்வதற்குள் லாரி புகைந்து நின்றுவிட்டது. அப்புறம் சொல்ல வேண்டுமா? வெள்ளிக்கிழமையானால் வீட்டு வாசலில் எலுமிச்சம்பழத்தோடு கூட்டம். பிள்ளை வரம் கேட்டவர்களையும் பொறுக்கச் சொன்னான். பொறுத்தவர்களில் சிலருக்குப் பிள்ளையும் பிறந்தது. ராமாத்தாள் மகனைச் சாமி என்று கூப்பிட ஆரம்பித்தாள். மக்குக்கு இது தேவலை என்று அவனும் இருந்துவிட்டான்.

இந்த வருடம் கணுக்காலுக்கு மேல் ஒரு புண் வந்து ஆறவே இல்லை. மலாக்காவில் டாக்டர் ஹானாவிடம் போனான். அவர் புண்ணைப் பார்த்தார், உயரத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். ரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வந்ததும் உட்காரவைத்து விளக்கினார். ஆண்களுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்றும் ஒய் ஒன்றும் இருக்கும், அவனுக்கு இரண்டிரண்டு. பல்லாயிரம் ஆண்களில் ஒருவருக்குக் கருவிலேயே அப்படி அமைந்துவிடும், யார் தப்பும் இல்லை. உயரம், நடுக்கம், படிப்பில் தடுமாற்றம், ஆறாத புண் எல்லாம் அதோடு வருபவை. சொந்தமாகப் பிள்ளை பிறப்பது மிக அரிது. ஹார்மோன் ஊசி போடலாம், நடுக்கத்துக்கு மாத்திரை உண்டு.

பிள்ளை விஷயம் அவனைக் குத்தத்தான் செய்தது. பிள்ளை வரம் கேட்டு அவனிடம் எலுமிச்சம்பழம் வாங்கிப்போன அக்காமாரை நினைத்ததும் அங்கேயே சிரிப்பும் வந்துவிட்டது. பிறகு மெதுவாகக் கேட்டான்: "அப்ப நான் மக்கு இல்லையா டாக்டர்?"

"இல்ல தம்பி. உங்களுக்குக் கொஞ்சம் நேரம் வேணும், அவ்வளவுதான்."

மாத்திரை வேலை செய்தது. வாழ்க்கையில் முதல் முறையாக டீயைச் சிந்தாமல் குடித்தான். இன்னொன்று போடச் சொல்லி அதையும் குடித்தான். செய்தி கேட்டு வீரப்பன் பதறி ஓடி வந்தார். டாக்டர் சாமியையே விரட்டிவிட்டார் என்று புலம்பினார், திருவிழா முடியும்வரை மாத்திரையை நிறுத்தச் சொன்னார். "ரெண்டு எக்ஸு ரெண்டு ஒய்யின்னா அம்மாவும் ஐயாவும் சேர்ந்தே எறங்கியிருக்காங்க லா" என்று விளக்கமும் கையோடு வைத்திருந்தார். கை நடுக்கம் நின்றால் நிவேந்திரன் மறுபடியும் மக்கு. அந்தப் பேரை இன்னொரு முறை கேட்க அவனுக்குத் தெம்பில்லை.

இருந்தும் திருவிழாவன்று மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் போனான். உருமி முழங்கியது. ராமாத்தாள் தட்டை நீட்டினாள், அவன் வாங்கினான். தட்டு அசையவில்லை. கூட்டம் காத்திருந்தது. உருமிக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்துப் பார்த்தார்கள். கடைசியில் அவர்களும் ஓய்ந்துபோய் நிறுத்தினார்கள்.

"அம்மா, நான் மக்கு இல்லையாம்" என்றான் நிவேந்திரன். "டாக்டர் சொன்னாங்க. பொறந்ததுலேர்ந்தே என் ஒடம்பு அப்படியாம்."

வீரப்பன் கைகூப்பியபடி முன்னால் வந்து, சாமி என்ன சொல்லுது என்று ராமாத்தாளிடம் கேட்டார்.

அவள் மகன் கையிலிருந்த தட்டை வாங்கி மேடையில் வைத்தாள். "சாமி பேசல அண்ணே. என் மவன் பேசுறான், கேளுங்க."