எழுவாய் இல்லாத விபத்து

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட, ஒரு தொண்டு நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில் நான் அறிக்கை எழுதுகிறவள். விரிகுடாவுக்குத் தெற்கே மூதூர், ஈச்சிலம்பற்றுப் பக்கத்து ஊர்களில் நாங்கள் கிணறு வெட்டிக் கொடுப்போம், வலை கொடுப்போம், கூட்டம் வைப்போம். பிறகு அதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதிக் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவோம். அங்கிருந்து அது கடல் தாண்டி, நிதி தருகிறவர்களிடம் போகும். கிணற்றில் தண்ணீர் வராவிட்டால் ஒருவரும் கேட்பதில்லை. அறிக்கை வராவிட்டால் காலையிலேயே தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும்.

ஒருமுறை நிதி தருகிறவர்களிடமிருந்து மிகப் பணிவான ஒரு கடிதம் வந்தது. எங்கள் அறிக்கைகளை அவர்கள் விரும்பி வாசிக்கிறார்களாம். ஆனால் யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பதுதான் விளங்கவில்லையாம். கடைசி அறிக்கையின்படி ஒரு கிணறு பதினான்கு பெண்களைத் தோண்டியிருக்கிறது, அது சரிதானா என்று கேட்டிருந்தார்கள். எழுதியவள் நான்தான். பதினான்கு பெண்கள் சேர்ந்து கிணறு தோண்டியதைத்தான் எழுதினேன். எனக்குத் தெரிந்தவரை அதில் ஒரு பிழையும் இல்லை.

அதற்குப் பிறகுதான் எங்களுக்கு ஆங்கில வகுப்பு வந்தது. சாரதி, காசாளர், களப்பணியாளர்கள், நான் என்று ஏழு பேர். எல்லோரும் நாற்பது தாண்டியவர்கள். படிப்பிக்க வந்தவர் மூதூரில் இருந்து பஸ்ஸில் வரும் இருபத்தாறு வயதுப் பெண். வகுப்புக்கு வரச் சொல்லி, அலுவலகத்தை நடத்தும் திட்ட முகாமையாளருக்கும் கடிதம் வந்தது. அவர் தனக்கு ஆங்கிலம் தாய்ப்பாலோடு வந்தது என்று சொல்லி, வகுப்பைத் திறந்து வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முதல் நாள், அன்றைக்கு நடந்த ஒன்றை எழுதச் சொன்னார் டீச்சர். இந்த நகரத்தில் மான்கள் நாய்களைப் போலத் தெருவில் திரியும். அன்று மத்தியானம் அதில் ஒன்று, சைக்கிள் கூடையில் இருந்த என் சோற்றுப் பார்சலைத் தின்றுவிட்டது. சோற்றுப் பார்சலை மான் தின்றது என்பதைத் தமிழில் நினைத்த வரிசையிலேயே ஆங்கிலத்தில் வைத்தேன். 'த லஞ்ச் பக்கற் ஏற் த டியர்.'

டீச்சர் சிரிக்கவில்லை. பலகையில் ஒரு பார்சலையும் ஒரு மானையும் வரைந்தார். பார்சலுக்கு ஒரு வாய் வரைந்து, அதை மானின் பக்கம் திறந்து விட்டார்.

"அக்கா, தமிழில ஒரு சொல் எங்க நிண்டாலும் வாலப் பாத்து ஆளச் சொல்லலாம். 'பார்சலை' எண்டு 'ஐ' வால் நிண்டா தின்னப்பட்டது அதுதான். இங்கிலீஷில வால் இல்ல. முன்னுக்கு நிக்கிறவர்தான் திண்டவர். பின்னுக்கு நிக்கிறவர் போய்ச் சேந்தவர்" என்றார்.

நாற்பத்தெட்டு வயதில் எனக்கு அது விளங்கியது. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று பள்ளிக்கூடத்தில் பாட்டுப் போலப் பாடமாக்கியிருக்கிறேன். அந்த மூன்றும் ஒரு வரிசையில் நிற்காவிட்டால் மான் செத்துவிடும் என்று எவரும் சொன்னதில்லை.

அடுத்த மாதம், வசனங்களை ஒரே மாதிரித் தொடங்கக்கூடாது என்று படித்தோம். எங்கள் அறிக்கையில் எல்லா வசனமும் 'த புரொஜெக்ற்' என்றுதான் தொடங்கும். காலத்தையும் இடத்தையும் முன்னுக்குக் கொண்டுவரலாம் என்றார் டீச்சர். ஆளையும் பொருளையும் மட்டும் இடம் மாற்றக்கூடாதாம். நாங்கள் அதைப் பசித்தவர்கள் போலப் பிடித்துக்கொண்டோம். அதன் பிறகு எங்கள் சாரதி, டீசல் முடிந்ததைக்கூட 'சுட்டெரிக்கும் வெயிலின் கீழ், கப்பல்துறைச் சந்தியில்' என்றுதான் தொடங்கினார். கொழும்பிலிருந்து பாராட்டு வந்தது.

இப்படி நாங்கள் முன்னேறிக்கொண்டிருந்த நேரத்தில்தான் எங்கள் படகு இறங்குதுறை ஜெட்டியில் மோதியது.

தெற்குக் கரைக்குப் போய்வர அலுவலகத்துக்கு ஒரு ஃபைபர் படகு உண்டு. அதை ஓட்டுகிறவர் ஈச்சிலம்பற்றுக்காரர். அதிகம் கதைக்க மாட்டார், காற்றைப் பார்த்துச் சரியாக நேரம் சொல்லுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாமையாளரின் மனைவி வழிச் சொந்தக்காரர்கள் கனடாவில் இருந்து வந்திருந்தார்கள். விரிகுடா காட்ட வேண்டும், உயிர்காப்பு அங்கிகளை எடுத்து வாருங்கள் என்று எனக்கு அழைப்பு வந்தது. கொடுத்துவிட்டு ஜெட்டியிலேயே நின்றேன்.

ஒரு மணித்தியாலத்தால் படகு திரும்பி வந்தது. வரும்போது எஞ்சின் பிடியில் இருந்தவர் முகாமையாளர். படகோட்டி நடுவில், பிள்ளைகளோடு இருந்தார். மைத்துனர் ஒருவர் கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். வீடியோவைப் பார்த்துக் கையசைத்த முகாமையாளர், எஞ்சினைக் குறைக்க மறந்துவிட்டார். படகோட்டி பாய்ந்து, மோதாமல் தடுக்கக் குறுக்கே கையைக் கொடுத்தார். படகு, ஜெட்டியோடு கட்டியிருந்த ஒரு மீனவரின் தோணியை இடித்துக்கொண்டு ஜெட்டியில் மோதியது; தோணியின் முன்பக்கம் பிளந்தது. படகோட்டியின் இடது மணிக்கட்டு வீங்கியது. மற்ற ஒருவருக்கும் ஒன்றுமில்லை, வீடியோவும் நன்றாக வந்திருந்தது.

திங்கட்கிழமை விபத்து அறிக்கை எழுதச் சொன்னார் முகாமையாளர். நான் படித்தபடி எழுதினேன். ஞாயிறு காலை, ஜெட்டியில், முகாமையாளர் படகை ஒரு தோணியின் மேல் ஓட்டினார். காலம் முன்னுக்கு, இடம் அடுத்து, பிறகு ஆள், செயல், பொருள். இதைவிடச் சரியான ஆங்கில வசனத்தை என் வாழ்க்கையில் நான் எழுதியதில்லை.

அவர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அக்கா, வசனம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இதில முகாமையாளர் எண்ட சொல் என்னத்துக்கு? அறிக்கை எண்டா பொதுவா இருக்கவேணும்."

படகு மோதியது என்று மாற்றினேன். படகு எங்களுடையதல்லவா, அதுவும் வேண்டாம் என்றார். தோணி மோதப்பட்டது என்று மாற்றினேன். அவருடைய முகம் தெளிந்தது. செயப்பாட்டு வினையை அந்தக் கிழமைதான் படித்திருந்தேன். அதன் அருமை எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பின்னேரம் டீச்சரிடம் கேட்டேன். செய்தவர் ஆர் எண்டு தெரியாட்டி, இல்லாட்டி எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தா அப்படி எழுதலாம் என்றார். "நீங்க இதில எந்தப் பக்கம் அக்கா?" அன்றைய வீட்டுப்பாடத்தை நான் செய்யவில்லை.

கொழும்பிலிருந்து ஒரு வரியில் பதில் வந்தது. யாரால் மோதப்பட்டது? முகாமையாளர் என்னைக் கூப்பிட்டார். வசனத்தின் கடைசியில் 'பை த போட்மன்', அதாவது படகோட்டியால், என்று போடும்படி சொன்னார். மூன்றே மூன்று சொல். அவனுக்கு ஒன்றும் நடக்காது, ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும், அவ்வளவுதான் என்றார். அவனுக்கு ஆங்கிலமும் தெரியாதே என்றார்.

படகோட்டி வெளியே, கட்டுப் போட்ட கையோடு கதிரையில் இருந்தார். கையெழுத்து வாங்கவேணும் என்று சொல்லி அவரையும் வரவழைத்திருந்தார்கள். அவரைக் கண்ணாடிக் கதவு ஊடாகப் பார்த்தேன். பன்னிரண்டு வருடமாக நான் எத்தனையோ பொய்களை எழுதியிருக்கிறேன். கூட்டத்துக்கு வந்த இருபது பேரை நாற்பது ஆக்கியிருக்கிறேன். அந்தப் பொய்களால் யாருக்கும் வேலை போனதில்லை.

"எனக்கு ஏலாது சேர்" என்றேன். பேனையை மேசையில் வைத்தேன்.

அவர் கோபப்படவில்லை. சரி, நானே அடிக்கிறன் என்று கணினிக்கு முன் அமர்ந்தார். கதவைத் திறந்துகொண்டு நான் வெளியே போய், காகிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்து வைக்க வேண்டாம் என்று படகோட்டியிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எழும்பி வீட்டுக்குப் போனார். அன்று எவரும் கையெழுத்து வைக்கவில்லை.

முகாமையாளர் அடித்து அனுப்பியதன் பிரதி மறுநாள் என் கோப்புக்கு வந்தது. 'த போட்மன் வோஸ் ஹிற் பை த ஜெட்டி.' ஜெட்டி போய்ப் படகோட்டியை அடித்திருந்தது. தாய்ப்பாலோடு வந்த ஆங்கிலத்துக்கும் வரிசை தேவைப்பட்டிருக்கிறது.

ஒரு ஜெட்டி நடந்து போய் மனிதனை அடித்ததாக எழுதினால், கொழும்பும் விடமாட்டாது. விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். வயதானவர், மெதுவாகக் கதைப்பவர், தமிழர். விசாரணையைத் தமிழிலேயே வைத்தார். நான் குறிப்பெடுக்க இருந்தேன்.

முகாமையாளர் நன்றாகத் தொடங்கினார். அவனை எத்தனை தரம் எச்சரித்தேன், அவனுக்குக் கவனம் காணாது, அவனை வேலைக்கு எடுத்ததே என் இரக்கம் என்று சொல்லிக்கொண்டு போனார். பிறகு விபத்துக்கு வந்தார்.

"ஓட்டினவருக்கு வெயில் கண்ணில அடிச்சிருக்கு. அவர் எஞ்சினைக் குறைக்கத்தான் பாத்தவர்."

அதிகாரி பேனையை நிறுத்தினார்.

"இவ்வளவு நேரமும் படகோட்டியை அவன் எண்டுதானே சொன்னனீங்கள். இப்ப ஆர் இந்த அவர்?"

முகாமையாளர் தண்ணீர் குடித்தார். தன்னைத் தானே அவன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. குற்றத்தைப் படகோட்டியின் தலையில் வைக்கும்போதுகூட, மரியாதையைத் தன்னோடு கொண்டு போய்விட்டார்.

அதிகாரி என் பக்கம் திரும்பி, நீங்கள் ஏதும் கண்டனீங்களா என்று கேட்டார். நான் ஜெட்டியில் நின்றதைச் சொன்னேன்.

"சேர்தான் ஓட்டினவர்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் பயம் வந்தது. வேலை போனால் என்ன செய்வது என்று அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். என் வேலை போகவில்லை. படகோட்டியின் வேலையும் போகவில்லை. மீனவரின் தோணியை நிறுவனமே திருத்திக் கொடுத்தது. முகாமையாளரை வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். அங்கே இதைவிடப் பெரிய அலுவலகம், பெரிய வாகனம். கடல் மட்டும் இல்லை.

கடைசியில் கொழும்பிலிருந்து முடிவுக் கடிதம் வந்தது. ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாத ஆங்கிலம். வருந்தத்தக்க ஒரு தொடுகை நிகழ்ந்துள்ளது, விடயம் ஆராயப்பட்டது, பாடங்கள் கற்கப்பட்டுள்ளன என்று இருந்தது. டீச்சரிடம் காட்டினேன். அவர் சிவப்புப் பேனையால் எழுவாயைத் தேடினார். முதல் பந்தியில் இல்லை. இரண்டாம் பந்தியிலும் இல்லை. கீழே கையெழுத்து இருந்த இடத்தில் ஒரு கிறுக்கல்தான் இருந்தது. இலக்கணப்படி சரி அக்கா, நூற்றுக்கு நூறு போடவேணும் என்று சொல்லிக் கடிதத்தைத் திருப்பித் தந்தார்.

படகோட்டிக்கு அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அவர் கவனமாகக் கேட்டார். தன்னைப் பற்றி அதில் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். நல்லது என்றார். பிறகு, மத்தியானம் தாண்டினால் காற்று எழும்பும், மூதூருக்குப் போவதென்றால் இப்பவே வெளிக்கிட வேணும் என்று சொல்லி, எண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு ஜெட்டிக்குப் போனார்.