நிறம் பிரியாத ஒரு பெண்ணைத் தேடி

ஆண்கள் வேண்டிய மட்டும் கிடைத்தார்கள். எண்பதுகளில் விழுப்புரத்துக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்திக்கொண்டே நிறப்பார்வை பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். புள்ளிபுள்ளியாக அச்சிட்ட அட்டையைக் காட்டினால், சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கிறவர்களுக்கு அதற்குள் ஓர் எண் தெரியும். மற்றவர்களுக்கு வெறும் புள்ளிகள்தான். அப்படிப்பட்ட ஆண்களை வகுப்புக்கு வகுப்பு பிடித்துவிட்டேன். எனக்கு வேண்டியது ஒரு பெண். "பெண் இல்லாமல் ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு வராதே" என்று சென்னையில் இருந்த என் நெறியாளர் சொல்லிவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்வதற்கென்ன! எனக்கோ பதிவுக்காலம் முடியப்போகிறது.

பெண்ணுக்கு இந்தக் குறை வருவது அபூர்வம். அப்பாவுக்கும் இருக்க வேண்டும், அம்மாவின் ரத்தத்திலும் ஒளிந்திருக்க வேண்டும். அக்காள் மகளைக் கட்டுகிற வழக்கமுள்ள நம் பக்கத்தில் அப்படி நேர வாய்ப்பு அதிகம். தேடித் தேடி மயிலத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயியைக் கண்டுபிடித்தேன். வாலிபத்தில் ரயில்வே வேலைக்குப் போய், கண் பரிசோதனையில் கழிக்கப்பட்டவர். கட்டியது சொந்த அக்காள் மகளை. வீட்டில் வயதுக்கு வந்த பெண் ஒருத்தி. கேள்விப்பட்ட அன்று சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அட்டைகளை மார்போடு அணைத்துக்கொண்டு, பஸ்ஸில் நின்றபடியே போய்ச் சேர்ந்தேன். அவர் மல்லாட்டைக் கொல்லைக்கு, வேர்க்கடலைக்குக் களை வெட்டப் போயிருந்தார். அவர் மனைவியிடம், அவருக்குக் கூடப்பிறந்தவர்கள் யார், தாய்மாமன் எத்தனை பேர், யார் வீட்டில் யாரைக் கட்டினார்கள் என்று வம்சத்தையே கேட்டேன். அந்த அம்மா பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு அவர் கேட்டார்.

"ஒங்களுக்குத் தம்பி இருக்காருங்களா?"

"இருக்கான். பேங்க்ல வேலை."

உடனே அடுப்பங்கரையில் முந்திரி வறுபடும் வாசனை வந்தது. கேசரி வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எனக்கு எரிச்சலாக இருந்தது. பொழுது சாய்ந்தால் அட்டை காட்ட முடியாது.

ஒருவழியாகப் பெண் வந்தாள், பட்டுப்புடவையில். வெளிச்சம் அட்டைமேல் நன்றாக விழவேண்டும் என்பதற்காக வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, அவளை எதிரில் உட்கார வைத்து, அட்டையை நடுவில் தரையில் வைத்தேன். அந்த அம்மா போய் வாசற்படியில் நின்றார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, வெளிச்சத்தை மறைக்கறீங்க" என்று திரும்பிப் பாராமலே சொன்னேன். தள்ளி நின்றார்.

பெண் அட்டையைப் பார்ப்பாள், என் தோளுக்கு மேலே பார்ப்பாள், பிறகு எண்ணைச் சொல்வாள். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். எல்லா எண்ணும் சரி. அட்டைகளைக் கலைத்துப்போட்டு மறுபடி காட்டினேன். அப்போதும் சரி. அழுகை வந்துவிட்டது எனக்கு. நல்ல கண்ணுள்ள ஒரு பெண்ணைப் பார்த்து, ஏனடி உனக்குக் கண் தெரிகிறது என்று ஆத்திரப்பட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்த அம்மா மீதிக் கேசரியை வாழையிலையில் கட்டிக் கொடுத்து அனுப்பினார்.

சில மாதங்கள் கழித்து, வேறொரு ஊரில் அலைந்துவிட்டு வெறுங்கையோடு திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பெண்ணே என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள்.

"ஒங்க தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சாக்கா?"

"இல்லையே, ஏன் கேட்கிறே?"

"அவருக்குப் பொண்ணு பாக்கத்தான வந்தீங்க? கண்ணு நல்லாத் தெரியுதான்னு சோதனல்லாம் வச்சீங்களே. அப்புறம் பதிலே சொல்லல."

ஆராய்ச்சிக்காக வந்தேன் என்று நான் முதலிலேயே சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. வம்சம் விசாரிக்கிற பெண்பிள்ளை வேறு எதற்கு வருவாள்?

அவள் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு ஒரு நம்பரும் தெரியலக்கா. அம்மாதான் ஒங்க பின்னாடி நின்னுக்கினு வெரல் வெரலா காட்டிச்சு."

நான் தேடிய பெண் அவள்தான். என் அருமையான வெளிச்சத்துக்காக நானேதான் அந்த அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன்! அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "அட்டை பையிலேயே இருக்கு. இங்கேயே அஞ்சு நிமிஷம் பார்த்துடலாம். உன் பேரை எங்கேயும் போட மாட்டேன்."

"வேணாங்கா. அம்மாவோட தம்பிக்கே என்னிய நிச்சயம் பண்ணிட்டாங்க. இப்ப போயி கொறன்னு தெரிஞ்சா பேஜாராயிடும்." கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். ஆனால் நகரவில்லை. "எனக்குப் பொறக்கற புள்ளைங்களுக்கும் இப்பிடித்தான் இருக்குமாக்கா?"

இத்தனை வருட ஆராய்ச்சியில் நான் அடித்துச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். "பொண்ணுன்னா சொல்ல முடியாது. பையன்னா, பொறக்கற அத்தனை பேருக்கும் இருக்கும்."

மயிலம் பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியடித்து ஏறியது. அவள் படியில் ஒரு காலை வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப அதுங்களுக்குச் சோதன வைக்கும்போது, நான் பின்னாடி நின்னு என்னாத்தக்கா காட்டுவேன்?"